சுருதியை எங்கே எழுதி வைப்பது? பியூர் டேட்டாவும் மேக்ஸும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பெரியம்மா பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். பெட்டிகளை வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் மென்பொருள் பியூர் டேட்டா. அவருக்காக அதில் ஒரு சுருதிப் பெட்டி செய்து கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை, அடுத்ததுக்கு ஐந்து. மோகனம் என்றால் தம்புராவில் பஞ்சமம் ஒலிக்கலாம். இந்தோளத்தில் பஞ்சமமே இல்லை, மத்தியமத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டாம் நாள் பேட்சை, அதாவது அதில் கட்டிய நிரலை, திறந்தால் ஸ்லைடர்கள் எல்லாம் பூச்சியத்தில் நின்றன. "நேற்று வச்சது எங்க தம்பி?" என்று கேட்டார்.

ஸ்லைடரின் பண்புகளில் 'இனிட்' என்பதைத் தெரிவு செய்தால், கடைசியாகச் சேமித்த எண் திறக்கும்போது திரும்பி வரும். ஆனால் ஒரே ஒரு எண்தான். பேட்சைத் திருத்திச் சேமிக்கும்போது, விளையாட்டாக நகர்த்தி வைத்ததும் சேர்ந்து பதிந்துவிடும். வேண்டாம்.

மெசேஜ் பெட்டிக்குள் அரைப்புள்ளி, பெறுநரின் பெயர், எண் என்று வரிசையாக எழுதி வைப்பது பழைய வழி. ஒரு சொடுக்கில் எல்லாம் வந்துவிடும். நாலைந்து பிள்ளைகளுக்குப் போதும். ஆனால் எண்ணை மாற்ற எடிட் மோடுக்குப் போக வேண்டும், பெரியம்மா அங்கே போனால் வயர்கள் எல்லாம் வேறு இடத்துக்குப் போய்விடும்!

2018இல் பியூர் டேட்டாவின் 0.49 பதிப்போடு 'சேவ்ஸ்டேட்' என்ற பொருள் வந்தது. அப்ஸ்ட்ராக்‌ஷனுக்குள், அதாவது இன்னொரு பேட்சுக்குள் போடும் தனிப் பேட்சுக்குள், வைத்தால், தாய்ப் பேட்சைச் சேமிக்கும் நேரத்தில் அதன் வலது வாயிலிருந்து 'பேங்' என்ற தூண்டல் ஒன்று வரும். அப்போது நாம் கொடுக்கும் பட்டியல் தாய்ப் பேட்சிலேயே பதியும். ஒரே அப்ஸ்ட்ராக்‌ஷனைப் பத்து இடத்தில் போட்டால் பத்துக்கும் தனித்தனி நினைவு. சிந்தசைசர் கட்டுகிறவர்களுக்கு அருமையான சாமான். எனக்கு வேண்டியது வேறு: ஒரே பெட்டிக்குள் பிள்ளைகளின் பெயரில் பல அமைப்புகள்.

பியூர் டேட்டா போன்ற இன்னொரு மென்பொருளான மேக்ஸில் இதற்கென்றே 'பாட்டர்ஸ்டோரேஜ்' இருக்கிறது. பொருள்களுக்குப் பெயர் வைத்து 'ஆட்டோபாட்டர்' போட்டால் போதும், எல்லாவற்றையும் எண் வாரியாகச் சேமித்துத் தனிக் கோப்பிலும் எழுதும். 1.5 என்று அனுப்பினால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிற்கும். மின்னிசைக்காரருக்கு அது பொன். எங்களுக்கோ ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே நின்றால் சுருதி சேராது. வசதியில் மேக்ஸ்தான் முன்னால், மறுக்கவில்லை. ஆனால் அது காசு, பியூர் டேட்டா இலவசம்.

கடைசியில் பியூர் டேட்டாவில் வரி வரியாக எழுத்தை வைத்திருக்கும் 'டெக்ஸ்ட் டிஃபைன்' பொருளைத்தான் எடுத்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: பெயர், 56, பஞ்சமம். இதில் 56 மிடி எண், அதாவது சுரத்தைக் குறிக்கும் எண்; 'எம்டோஎஃப்' பொருள் அதை 207.65 ஹேர்ட்ஸ் ஆக்கும், ஐந்தரைக் கட்டை. 'டெக்ஸ்ட் சேர்ச்' பெயரைத் தேடி வரி எண்ணைத் தரும். 'வை' பொத்தானை அமத்தியவுடன் கோப்பு டிஸ்க்கில் எழுதப்படும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த பிறகு, 'அப்புறம் சேமிப்போம்' என்ற பழக்கம் எனக்குப் போய்விட்டது.

கோப்புப் பெயரில் இடைவெளி விடாதீர்கள், பியூர் டேட்டா அதை இரண்டு சொல்லாகப் பிரித்துவிடும். பேட்ச் இருக்கும் ஃபோல்டரிலேயே வையுங்கள், பென் டிரைவில் கொண்டுபோனாலும் வேலை செய்யும். கோப்பைப் படிக்கும் 'ரீட்', எழுதும் 'ரைட்' இரண்டோடும் 'மைனஸ் சி' சேர்த்தால் வரி முடிவே போதும், அரைப்புள்ளி தேவையில்லை. பெரியம்மா இப்போது நோட்பேடில் தானே 56ஐ 55 ஆக்குகிறார்.