யோவேலின் பச்சைக்கிளி: சின்னத் தீர்க்கதரிசிகளுக்கு எந்தப் படப்புத்தகம்?

ஞாயிறு பள்ளியில் யோவேல் தீர்க்கதரிசியைப் பற்றி நான் பாடம் நடத்திய அன்று ஒரு பிள்ளை வரைந்து தந்த படத்தில் வயல் முழுக்கக் கிளிகள். சிவந்த மூக்கு, கழுத்தைச் சுற்றி வளையம், நெற்கதிரைக் கொத்தும் தோரணை என்று எல்லாம் அச்சு அசலாக இருந்தது. அவளைக் குறை சொல்ல வழியில்லை. "வெட்டுக்கிளி விட்டதைப் பச்சைக்கிளி தின்றது" என்று வேதாகமத்திலிருந்து வாசித்துக் காட்டியவள் நான்தான். அப்போது என் கையில் விரித்து வைத்திருந்த ஆங்கிலப் படப்புத்தகத்தில் இருந்ததோ சாம்பல் நிறப் பூச்சிக் கூட்டம். பிள்ளை படத்தைப் பார்த்தாள், காதில் விழுந்ததை வரைந்தாள்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கம் எங்கள் சபை. ஞாயிறு பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள இருபது பிள்ளைகள் என் பொறுப்பு. பழைய ஏற்பாட்டின் கடைசியில் வருகிற சின்னத் தீர்க்கதரிசிகள், ஓசியாவில் தொடங்கி மல்கியா வரை பன்னிரண்டு பேரையும் படம் காட்டிச் சொல்ல வேண்டும் என்று நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை இது. சபைச் செயலர் 1500 ரூபாய் கொடுத்து, "பாத்து வாங்குங்க டீச்சர்" என்றார். முதல் வாரமே ஒரு பையன், "சின்னத் தீர்க்கதரிசின்னா சின்னப் பிள்ளைகளா?" என்று கேட்டான். ஆள் சின்னவர் இல்லை, எழுதினது கொஞ்சம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒபதியா ஒரே அதிகாரம், 21 வசனம்தான். எபிரேய வேதத்தில் பன்னிரண்டும் சேர்ந்தே ஒரு புத்தகமாக எண்ணப்படும்.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பன்னிரண்டு பேரும் ஒரே கட்டில் வரும் ஆங்கிலக் கெட்டி அட்டைப் புத்தகம். இரண்டு, பின் அடித்த மெல்லிய தமிழ்க் கதைப் புத்தகங்கள், ஆளுக்கு ஒன்று. மூன்று, சார்ட் பேப்பரை வாங்கி நாமே வரைந்து தைத்துக்கொள்வது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். இப்போது வகுப்பில் இருப்பது மூன்றாவது. நான் பேசப்போவதும் அதன் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சுலபமானதை முதலில் முடித்துவிடலாம். படத்தின் அழகில் ஆங்கிலப் புத்தகத்தை எதுவும் நெருங்க முடியாது. விலையில் தமிழ்ப் புத்தகம். எங்கள் ஊரில் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அலமாரியில் எதை வைத்தாலும் பூசணம் பிடிக்கும், அதில் மூன்றுக்கும் ஒரே கதிதான். பின் அடித்தவற்றில் பின் துருப்பிடித்து நடுத்தாள் முதலில் கழன்றது. கிழிந்த சார்ட்டை மட்டும் மறுபடி வரைந்துகொள்ளலாம். தமிழ்ப் புத்தகங்களில் எனக்குக் கையில் சிக்கியது யோனா மட்டும்; பாக்கிப் பதினொரு பேருக்குக் கடை கடையாக ஏறியும் கிடைக்கவில்லை.

என்னை மாற்றியது விலையோ மழையோ கிடையாது. படத்தில் இருப்பதும் ஆலயத்தில் பிள்ளையின் காதில் விழுகிற சொல்லும் ஒன்றாக இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான்.

யோவேலையே எடுத்துக்கொள்வோம். முதல் அதிகாரம் நான்காம் வசனத்தில் எபிரேயத்தில் வருகிற நான்கு சொற்களும் வெட்டுக்கிளியைச் சேர்ந்தவை. நான்கு இனமா, ஒரே பூச்சியின் நான்கு பருவமா என்று அறிஞர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நம் சபைகளில் வாசிக்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதல் அவற்றைப் பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி என்று வைத்திருக்கிறது. வெட்டுக்கிளியிலும்தான் கிளி இருக்கிறது, அதைக் கேட்டு யாரும் பறவையை நினைப்பதில்லை. ஆனால் பச்சைக்கிளி என்றால் கொல்லையில் கொய்யாவைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகிறதே, அதுதான் பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலப் புத்தகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அதன் பிள்ளைக்கு இந்தச் சொல் இல்லை. நாங்கள் வரைந்த தாளில் நான்கு பூச்சிக்கும் அடியில் நான்கு தமிழ்ப் பெயரையும் எழுதினோம். பச்சைக்கிளி என்ற பெயருக்கு மேல் இளம்பச்சையில் ஒரு வெட்டுக்கிளி. ஓரத்தில் ஒரு நிஜக் கிளியையும் வரைந்து அதன்மேல் பெருக்கல் குறி போட்டோம். அடுத்த வாரம் கேட்டபோது கிளி என்று யாரும் சொல்லவில்லை.

மீகாவிலும் இதே கதை. "பட்டயங்களை மண்வெட்டிகளாகவும், தங்கள் ஈட்டிகளை அரிவாள்களாகவும்" என்பது தமிழ். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது கலப்பையின் கொழு. ஆகவே அந்தப் புத்தகத்தில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர் மாடு பூட்டி உழுகிறார். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் மாடு பூட்டி உழுததைப் பார்த்ததே இல்லை. மம்பட்டி தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. வாழைக்கு மண் அணைக்கிற வேலை வீட்டுக்கு வீடு நடக்கிறது. கொல்லப் பட்டறையில் வாளைப் பழுக்கக் காய்ச்சி மம்பட்டியாக அடிக்கிற படத்தை ஒரே தாளில் வரைந்தோம். அதற்கு மேல் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆமோசுக்கு வரைய வேண்டிய அவசியமே வரவில்லை. ஏழாம் அதிகாரத்தில் கர்த்தர் கையில் தூக்குநூலோடு மதிலின்மேல் நிற்கிறார். ஆங்கிலப் புத்தகத்தில் அது ஏதோ பதக்கம் மாதிரி தொங்கியது. எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அப்பா கொத்தனார். மறுவாரம் அவன் நூலோடு தூக்குகுண்டையே கொண்டு வந்துவிட்டான். அதை ஆலயச் சுவரோரம் பிடித்துப் பார்த்ததில் சுவர் அரை விரல் சாய்ந்திருந்தது. கட்டடக் குழுவுக்கு இன்னும் சொல்லவில்லை. "சுவர் கோணலா இருந்தா குண்டு காட்டிக் குடுக்கும், மக்களே, அந்த மாதிரி" என்று சொன்னதோடு ஆமோஸ் பாடம் முடிந்தது.

யோனாவில் பந்தயம் கொஞ்சம் நெருக்கம். கைவசம் இருந்த தமிழ்ப் புத்தகம் நல்ல தமிழ், எழுத்தும் பெரிது. ஆனால் அதில் திமிங்கலம் என்று போட்டிருக்கிறது, வேதாகமத்தில் "பெரிய மீன்" என்றுதான் இருக்கிறது. திமிங்கலம் மீனே இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து சொன்னாள். அப்போ எந்த மீன், சூரையா, சுறாவா என்று அரை மணி நேரம் போனது. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மீன் பெயரை லேசாகச் சொல்லித் தப்ப முடியாது. கடைசியில் எங்கள் தாளில் பெயர் தெரியாத ஒரு மீனை, வயிறு மட்டும் தெரிகிற மாதிரி வரைந்தோம்.

அதே யோனாவில், நான்காம் அதிகாரத்தில் நிழலுக்கு முளைக்கிற செடி தமிழில் ஆமணக்கு. ஆங்கிலப் புத்தகத்தில் சுரைக்கொடி மாதிரி ஒன்று பந்தலில் படர்ந்திருந்தது. இது புதிய தகராறு இல்லை. பழைய காலத்து அறிஞர் ஜெரோம் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்தபோது அதுவரை சுரை என்று இருந்ததை ஐவிக்கொடி என்று மாற்றினார். லிபியாவில் இன்றைய திரிப்போலியான ஓயா நகரத்துச் சபையில் அதை வாசித்தபோது, இத்தனை காலம் கேட்ட சொல் எங்கே என்று மக்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஊர் ஆயர் தம் மக்களை இழந்துவிடாமல் இருக்கப் படாதபாடு பட வேண்டியிருந்தது என்று வட ஆப்பிரிக்காவின் இன்னொரு ஆயரான அகுஸ்தீன் கி.பி. 403 வாக்கில் ஜெரோமுக்கே கடிதம் எழுதினார். ஒரு செடியின் பெயருக்காக! அதைப் படித்த பிறகு என் பிடிவாதம் எனக்கே கொஞ்சம் நியாயமாகப் பட்டது. ஆமணக்கு ரோட்டோரம் நிற்கிறது. ஒரு இலையைப் பறித்து வந்து தலைக்கு மேல் பிடித்தாலே யோனாவின் நிழல் எவ்வளவு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

சரி, கையால் வரைவதில் குறை இல்லையா? நிறைய. முதல் குறை நான். நான் வரைந்த முதல் வெட்டுக்கிளியை ஒரு பயல் இறால் என்றான். ஒரு தாளுக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகிறது. இதுவரை முடிந்தது யோவேல், ஆமோஸ், யோனா, மீகா, ஆகாய் ஐந்து பேர்தான். ஆகாய் சுலபம்: "பொத்தலான பையிலே" கூலியைப் போடுகிற ஆள், அடியில் சில்லறை கொட்டுகிறது, அவ்வளவுதான்.

சகரியாவில் ஆங்கிலப் புத்தகத்திடம் தோற்றுப்போனேன், ஒத்துக்கொள்கிறேன். இருபது முழ நீளம், பத்து முழ அகலத்தில் வானத்தில் பறக்கிற புஸ்தகச்சுருளை அந்த ஓவியர் ஊருக்கு மேல் நிழல் விழ வரைந்திருக்கிறார். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். என் சுருள் பாயைக் காயப்போட்ட மாதிரி இருந்தது. வீதி முழுக்கப் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்கிற எட்டாம் அதிகாரத்தை மட்டும் பிள்ளைகளையே வரையச் சொன்னேன். அதில் எருசலேம் வீதியில் கிரிக்கெட் நடக்கிறது, நடுவர் ஒரு கழுதை.

ஓசியாவையும் நாகூமையும் பற்றி நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டையும் இன்னும் தொடவில்லை. மனைவி துரோகம் செய்கிற ஓசியாவின் குடும்பக் கதையை ஆறு வயதுக்கு எந்தப் படத்தால் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆங்கிலப் புத்தகம் "அன்பு மாறாத கணவன்" என்று ஒரே பக்கத்தில் நழுவிவிடுகிறது, ஒருவேளை அதுதான் புத்திசாலித்தனமோ என்னவோ. அப்புறம், என் அனுபவமெல்லாம் ஐந்து முதல் எட்டு வயது வரைதான். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் சார்ட் தாளைக் கொடுத்தால் பத்து நிமிடம் தாங்காது. அங்கே கெட்டி அட்டையைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கத்தோலிக்க வீடுகளில் வாசிக்கிற திருவிவிலியம் வேறு மொழிபெயர்ப்பு. அங்கே எந்தச் சொல் எந்தப் படத்தோடு முட்டுகிறது என்பதை அந்த வகுப்பில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒன்றுதான் வாங்க முடியும், வரையவும் நேரமில்லை என்றால் ஆங்கிலப் புத்தகத்தையே வாங்குங்கள். ஆனால் வகுப்புக்கு முந்தின இரவு தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பாருங்கள். சொல் மாறுகிற இடத்தில் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதி வையுங்கள். என் பிரதியில் யோவேல் பக்கத்து ஓரத்தில் "கிளி இல்லை!!" என்று இரண்டு ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறது. அதை எழுதியது நான் இல்லை, அன்று வயல் நிறையக் கிளி வரைந்தவள்.