ஆறு வருடமாக வீட்டில் ஒரு கற்கோடாரி

2019-இல் சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் வாங்கியது. கற்கோடாரி ஒன்று, மாக்கல்லில் ஒரு யானை, கருங்கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு யாளி முகம். மூன்றும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். கோடாரி மட்டும் 1,800 ரூபாய். வீட்டில் எண்ணூறு என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய் ஒரு வருடம்தான் தாங்கியது.

மேலூர் சாலையில் ஒரு கல் பட்டறை. அம்மி, ஆட்டுக்கல், வாசல்படி, எப்போதாவது ஆர்டர் வந்தால் ஒரு நந்தி. அங்கே இருந்த தம்பி, ஒரு கல்லூரி வாத்தியார் வகுப்பில் காட்டக் கேட்டார் என்று முதலில் ஒரு கோடாரி செய்திருக்கிறார். அப்புறம் கை சும்மா இருக்கும் நாட்களில் ஒன்றிரண்டு செய்து ஓரமாக வைக்க ஆரம்பித்துவிட்டார். நான் எடுத்தது ஒன்றரைச் சாண் காம்பில் செருகிய கறுப்புக் கல். நெத்திலிக் கருவாடு மாதிரி ஒரு முனை கூம்பி, மறுமுனை வாயாக அகன்று இருக்கும். கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது, விலை கேட்கக்கூட மறந்துவிட்டேன்.

கற்கோடாரி என்றதும் பலரும் பல்லாவரத்தைச் சொல்வார்கள். 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் அங்கே கண்டெடுத்தது பழைய கற்காலக் கருவி, உடைத்துச் செதுக்கியது. அந்தக் காலத்துக் கைக்கோடாரிகளுக்குக் காம்பு கிடையாது, உள்ளங்கையில் அடக்கிப் பிடித்து வேலை பார்த்தார்கள். என்னிடம் இருப்பது அதற்கு வெகுகாலம் பிந்திய புதிய கற்காலச் சாயல். கல்லைக் கொத்தி உருவம் எடுத்து, மணலும் தண்ணீரும் விட்டு இன்னொரு கல்மேல் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பட்டறைத் தம்பி உருவத்தை கிரைண்டர் மெஷினில் எடுத்துவிட்டார், மறைக்கவும் இல்லை. மெருகு மட்டும் கையால், தண்ணீர் விட்டு உப்புத்தாளில். வாய்ப்பக்கம் விரலை ஓட்டினால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். பின்பக்கம் கொத்திய புள்ளிகளை அப்படியே விட்டிருக்கிறார். எனக்குப் பிடித்ததே அந்தச் சொரசொரப்புதான்.

கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டினேன். ஒரு வருடம் எந்தக் குறையும் இல்லை. 2020 அக்னி நட்சத்திரம், ஊரடங்கு, எல்லோரும் வீட்டுக்குள். மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் தொம்மென்று ஒரு சத்தம். கல் காம்பிலிருந்து நழுவி விழுந்து இரண்டு டைல்ஸ் சுக்குநூறு. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. கீழே யாரும் படுத்திருக்கவில்லை, அந்த மட்டும் தப்பித்தோம். விலை விஷயம் வெளிவந்ததும் அன்றைக்குத்தான்.

போக்குவரத்து திரும்பியதும் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, இதை வச்சு ஏதாச்சும் வெட்டுனீங்களா?”

“இல்லப்பா, மாட்டித்தானே வச்சிருந்தேன்.”

“அதான் கழண்டுருச்சு.”

விளக்கியபோதுதான் புரிந்தது. இரும்புக் கோடாரியில் காம்பு இரும்புக்குள் போகும். ஆப்பு அடித்து இறுக்குவோம். கற்கோடாரியில் கல்தான் மரத்துக்குள் போகிறது. கூம்பிய முனை துளைக்குள் இருப்பதால், ஒவ்வொரு முறை ஓங்கிப் போடும்போதும் கல் இன்னும் உள்ளே ஏறி இறுகும். மரம் பிளந்துவிடாமல் இருக்கத்தான் வெளியே கட்டு. சுவரில் சும்மா தொங்கினால் இறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. நம் ஊர் வெயிலில் மரம் வற்றிச் சுருங்கும், துளை தளரும், கல் தன் கனத்திலேயே நழுவும். கல் விழுவதற்கு முந்தின மாதம் ஆட்டம் தெரிந்து, நான் மண்வெட்டிக்குச் செய்வதுபோல ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டிருந்தேன். அதுவும் தப்பு. ஊறினால் இறுகின மாதிரி இருக்கும், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துவிடும்.

அந்த முதல் காம்பு புளியங்கட்டை, அதுவும் வைரம் ஏறாத வெள்ளைக்கட்டை. அடுத்த வருடமே கொக்கிக்குக் கீழே மாவு சலித்த மாதிரி மரத்தூள். உளுத்துப் போயிருந்தது. மண்ணெண்ணெய் தடவிப் பார்த்து, பிறகு கைவிட்டு, வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையில் புதுக் காம்பு போட்டேன், 350 ரூபாய். தோல் வார்க் கட்டு ஐப்பசி மழையில் பூசணம் பிடித்து நாற ஆரம்பித்தது. அதை அவிழ்த்துவிட்டுப் பனைநார் கட்டினோம். நாலு வருடமாக நார் அப்படியே இருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை கொல்லையில் கிடக்கும் தென்னங்கட்டையில் காம்பைப் பிடித்து மெதுவாக நாலு போடு. என் பையனுக்கு அது ஒரு வேலை என்பதைவிட விளையாட்டு.

யானைக்கு வருவோம். மாக்கல் மெத்தென்ற கல், நகத்தால் கீறினாலே கோடு விழும். அதனால்தான் காது மடிப்பு, கால் நகம் வரை நுணுக்கமாகச் செதுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அது வீட்டுக்கு ஆகாது. தும்பிக்கை நுனி ஆறாவது மாதத்தில் உடைந்தது. சரஸ்வதி பூசை அன்று அம்மா நெற்றியில் வைத்த குங்குமம் கல்லுக்குள் இறங்கிவிட்டது. ஈரத் துணி, பல் துலக்கும் பிரஷ், ஒன்றுக்கும் போகவில்லை. சிவந்த நெற்றியோடும் மொண்ணைத் தும்பிக்கையோடும் அலமாரியில் நிற்கிறது. கண்ணாடிக்குள் வைக்க முடிந்தால் மாக்கல் வாங்குங்கள், கை படும் இடத்துக்கு வேண்டாம்.

யாளி முகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கருங்கல். அப்படியே இருக்கிறது.

பளபளக்கட்டும் என்று கோடாரிக்குத் தேங்காய் எண்ணெய் தடவியதும் நான் செய்த முட்டாள்தனம். இரண்டு நாள் நன்றாக இருந்தது. பிறகு தெருப் புழுதி முழுக்க அதில்தான். மீனாட்சியம்மன் கோயிலில் காளிமேல் காலங்காலமாக வெண்ணெய் உருண்டை எறிந்து வந்தார்கள், கல் தாங்கியது. ஆனால் அங்கே துடைக்க ஆள் இருக்கிறது. வீட்டில் காய்ந்த துணியும், கொத்திய புள்ளிகளுக்கு ஒரு பழைய பிரஷும் போதும். சோப்புப் போட்டால் வெள்ளையாகப் படலம் நிற்கும்.

புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. யானைக்கு ஜோடி வேண்டும் என்று வேறொரு கடையில் கருங்கல் என்று சொல்லி ஒரு நந்தி தந்தார்கள். வீட்டுக்கு வந்து துடைத்தால் துணியெல்லாம் கறுப்பு. ஷூ பாலிஷ்! அடியில் காசால் கீறினேன், வெள்ளைக் கோடு. கருங்கல்லில் காசுதான் தேயும், கல் தேயாது. கல் தூளைப் பிசினில் கலந்து அச்சில் வார்த்ததும் விற்கிறது. கன்னத்தில் வைத்தால் கல்லின் சில்லிப்பு இருக்காது, பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரியும். “கீழடி கோடாரி” என்று சீட்டு ஒட்டி விற்பதையும் பார்த்துவிட்டேன். கீழடியில் கிடைத்த கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580 வரை போகிறது. செங்கல் கட்டுமானமும் பானையில் எழுத்தும் இருந்த ஊர் அது. கல்லைத் தேய்த்துக் கோடாரி செய்த காலம் அதற்கு ரொம்ப முந்தியது. நிஜமாகவே பழையது என்று யாராவது நீட்டினால் தொடாதீர்கள். நூறு வருடம் தாண்டிய சிற்பமும் கைவினைப் பொருளும் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். புதிதாகச் செய்தது என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

அம்மாவுக்கு இந்தக் காலக்கணக்கெல்லாம் வேண்டியதில்லை. முதல் நாளே காதோடு காதாகக் கேட்டார்: “ஏய்யா, இது எந்தக் கோயில்ல இருந்து எடுத்தது?” அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்புக்கு நேர்ந்த அரிவாள்களைப் பார்த்து வளர்ந்தவர். ஆயுதம் என்றால் அது சாமியுடையதுதான். பட்டறையில் செய்தது என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஆயுத பூசைக்கு அரிவாள்மனை, ஸ்பேனர், பைக் சாவியோடு கோடாரிக்கும் சந்தனம் குங்குமம். நான் மறுநாளே துடைத்துவிடுவேன். மெருகேறிய கல் என்பதால் இதில் கறை நிற்பதில்லை. ஒரு முறை ஏற்காடு போனபோது, சேர்வராயன் மலை ஊர்களில் நிலத்தில் கிடைக்கும் பழைய கற்கோடாரிகளைப் பிள்ளையார் கோயிலிலும் மரத்தடியிலும் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். வந்து அம்மாவிடம் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்ல” என்றார்.

போன தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றிய கோடாரியை அவர் சாமி அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அங்கேயே இருக்கிறது. கூடத்துக் கொக்கிகளில் ஒன்றில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது.