பரந்தனில் வீட்டுப் பாதைக்கு மண் வெட்டியவரின் வேலை: ஒரு மதிப்பீடு

பரந்தனில் வயலோரமாக உள்ள எங்கள் வளவில், படலையிலிருந்து வீட்டு வாசல் வரை 60 அடி நீளமும் 10 அடி அகலமுமான பாதைக்கு மண் வெட்டி, கிரவல் போட்டு இறுக்கி, கல் பதிக்கும் வேலையை, பெக்கோவும் ரோலரும் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். விலை பேச வந்த மற்றவர்கள் காணியைப் பார்க்குமுன்பே "ஆறு அங்குலம் போதும்" என்று முடித்துவிட, இவர் மட்டும் அலவாங்கால் ஆங்காங்கே குத்திப் பார்த்து, "மேல்மண் எங்க முடியுதோ அங்கயிருந்துதான் அண்ணை கணக்கு" என்றார்.

படலைப் பக்கம் இறுகிய செம்மண் என்பதால், வாகனம் ஏறத்தக்க 80 மில்லிமீற்றர் கல்லுக்கும் ஓரங்குல மணலுக்கும் 6 அங்குலக் கிரவலுக்கும் சேர்த்து 10 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டினார். வீட்டுப் பக்கத்துப் பாதி, மாரியில் ஊதிக் கோடையில் வெடிக்கும் களி; அங்கே மேலும் 4 அங்குலம் இறக்கிக் கிரவலைக் கூட்டினார். வன்னி நிலத்தில் பழைய வெடிபொருள் இன்னும் கிடக்கக்கூடும் என்பதை உணர்ந்தவராக, பெக்கோவின் வாளியை ஆழக் குத்தாமல் சீவிச் சீவியே இறக்கினார். தண்ணீர் ஓடுவதற்கான சரிவை, அடிக்குக் கால் அங்குலம் வீதம், வெட்டிய அடிமட்டத்திலேயே வைத்தார். மேலே மணலைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டும் வேலை இவரிடம் இல்லை.

என்னை மிகவும் கவர்ந்தது இறுக்கிய முறைதான். கிரவலை ஒரேயடியாகக் கொட்டாமல், நான்கைந்து அங்குலப் படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையிலும் ஒரு பிடி அள்ளிப் பொத்திப் பார்த்து, உருண்டை உடையாமலும் கையில் நீர் கசியாமலும் இருந்தால் மட்டுமே ரோலரை ஏற்றினார். இறுகிய கணக்கில் 4 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி), உதிரியாக 5 கியூப் வேண்டும் என்று அவர் சொன்னது பிசகவில்லை.

குறைகளும் உண்டு. வெட்டிய மண்ணை அகற்றும் டிப்பர் கூலி தனி என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய குறை, ஓரக்கல்லுக்கென இருபுறமும் அரையடியாவது அகலக் கூட்டி வெட்டாமல் சரியாகப் பத்தடியே வெட்டியது. காலபோக நெல் ஏற்றிய உழவு இயந்திரம் ஏறியிறங்கியும் பாதையின் நடுப்பகுதியில் சில்லுத் தடம் விழவில்லை. திரும்பும் இடத்து ஓரக்கற்கள் மட்டும் வெளியே தள்ளிவிட்டன.