ஒரே டர்ன்டேபிள், இரண்டு ஹெட்ஷெல்: கார்ட்ரிட்ஜ் பொருத்துவதில் என் அனுபவம்

டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 எம்.கே-2 என்ற டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) வைத்திருப்பவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசி பொருந்திய சிறு பெட்டியை, நிறுவனம் சொன்ன அளவில் பொருத்துவதா, பேயர்வால்டு என்பவர் போட்ட கணக்குப்படி பொருத்துவதா? சில ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, இரண்டும் வேண்டும் என்று, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கழற்றி மாட்டும் முனையான ஹெட்ஷெல்லையே இரண்டாக வைத்துக்கொண்டேன்.

இசைத்தட்டை வெட்டும் கருவி நேர்கோட்டில் நகரும். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் ஓரிடத்தில் ஊன்றிச் சுழல்வதால் நம் ஊசி வில்லாகத்தான் போகும். ஊசியின் கோணம் பள்ளத்தோடு சரியாகப் பொருந்துவது தட்டில் இரண்டே இடங்களில். அந்த இரண்டு இடங்களை எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் தகராறு. லோஃப்கிரன் 1938இலும் பேயர்வால்டு 1941இலும் போட்ட கணக்குப்படி அவை மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தொலைவில் வரும். டெக்னிக்ஸ் கொடுக்கும் குட்டி பிளாஸ்டிக் அளவுகோலோ, ஹெட்ஷெல்லின் பின்முனையிலுள்ள ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பொருத்தினால் உட்புறப் புள்ளி ஏறக்குறைய 59 மி.மீ.க்கு நகர்ந்துவிடும்.

இந்த 7 மி.மீ. வித்தியாசத்துக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்பவர்கள், பழைய தமிழ்ப் படப்பாட்டு இ.பி. ஒன்றை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஏழு அங்குலத் தட்டு, பக்கத்துக்கு இரண்டு பாட்டு, பள்ளம் மையத்திலிருந்து 54 மி.மீ. வரை நெருங்கிவிடும். அந்த இடத்தில் பேயர்வால்டு பொருத்தத்தில் கோணப் பிழை சுமார் 2 பாகை, 52 மி.மீ. அளவில் 0.7 பாகைதான். இரண்டாம் பாட்டின் கடைசிச் சரணத்தில் ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் சீறுவது இதனால்தான். தட்டு தேய்ந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்திருந்த சில இ.பி.க்கள் நிறுவன அளவில் மறுபடி கேட்கத்தக்கவை ஆயின. எல்லாம் அல்ல, உண்மையிலேயே தேய்ந்ததை எந்தக் கோணமும் காப்பாற்றாது.

எல்.பி. எனப்படும் பெரிய தட்டுக்குக் கதை வேறு. என்னிடமுள்ள கர்நாடக இசைத்தட்டுகளில் இரும்பு ஸ்கேல் வைத்து அளந்தால், பலவற்றில் இசை 65 மி.மீ.க்கு வெளியிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே 59இல் துல்லியம் கிடைத்து யாருக்கு லாபம்? வெளி விளிம்பில் நிறுவன அளவின் பிழை 2.6 பாகை, பேயர்வால்டில் 1.9. ஆகவே எல்.பி.க்கு என் ஓட்டு பேயர்வால்டுக்கு.

பொருத்தும் வேலைக்குக் கண்ணாடிப் புரோட்ராக்டர் (ஊசியின் இடத்தையும் கோணத்தையும் பார்க்கும் கோடு போட்ட தகடு) இருந்தால் நல்லது. காகிதத்தில் அச்சிடுபவர்கள் அளவு சுருங்காமல் வந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நடுத்துளை தளர்வாக இருந்தாலும் அளவு கெட்டுவிடும். பேயர்வால்டுக்குக் கார்ட்ரிட்ஜை நிறுவன அளவைவிட ஏறக்குறைய 3 மி.மீ. முன்னே தள்ளி, ஒன்றே முக்கால் பாகை அளவுக்கு உட்பக்கம் திருப்ப வேண்டும். ஹெட்ஷெல்லில் சற்றுக் கோணலாகத்தான் நிற்கும். பார்க்க அழகாக இல்லை என்று நேராக்கிவிடாதீர்கள். கோட்டோடு ஒத்துப்போக வேண்டியது கேண்டிலீவர், அதாவது ஊசியைத் தாங்கும் அந்தச் சிறு தண்டு. பெட்டியின் விளிம்பு அல்ல. பக்கவாட்டில் விளக்கு, கையில் உருப்பெருக்கி. கண்ணாடியில் தெரியும் பிம்பமும் தண்டும் ஒரே கோடாகிக் கீழுள்ள கோட்டின் மேல் படியும் வரை நகர்த்துங்கள். திருகை இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் அதோடு சேர்ந்து திரும்பும். இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்கி, முடிந்ததும் மறுபடி பாருங்கள். பொறுமை தீர்வது இங்கேதான்.

நகர்த்திய பிறகு ஊசியழுத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். என் இரண்டு ஹெட்ஷெல்லிலும் ஒரே ரகக் கார்ட்ரிட்ஜ்தான். மாற்றும்போது வரும் வித்தியாசம் பத்தில் ஒரு கிராமுக்குள். ஆனாலும் சின்ன டிஜிட்டல் தராசு பக்கத்திலேயே இருக்கிறது.

இத்தனை காலத்தில் திருகு தளர்ந்து அளவு மாறியதில்லை. புது ஊசி போடும்போது மட்டும் புரோட்ராக்டரை எடுக்கிறேன். ஊசிக்கு ஊசி தண்டின் கோணம் மயிரிழை மாறலாம். ஒரே ஒரு பொருத்தம்தான் முடியும் என்பவர், அலமாரியில் இ.பி. அதிகமா, எல்.பி. அதிகமா என்று பார்த்து முடிவு செய்யலாம். இரண்டும் இருந்தால் இன்னொரு ஹெட்ஷெல் வாங்கிவிடுங்கள்.