முகவரி விதிகள்: எச்டிஅக்சஸில் எழுதுவதா, எஞ்சின்எக்ஸிலா?

என் வேர்ட்பிரஸ் பதிவின் பழைய முகவரிகளில் ஆண்டு, மாதம், தேதி எல்லாம் வரிசையாக நிற்கும். அவற்றைத் தூக்கிவிட்டுத் தலைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். பழைய இணைப்புகளும் உடையக் கூடாது. இந்த வேலையை முதலில் அப்பாச்சி என்ற வெப் சர்வரில் செய்தேன், பிறகு எஞ்சின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வருக்கு மாறி அங்கேயும் செய்தேன். இப்போது இருப்பது எஞ்சின்எக்ஸில்தான், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

அப்பாச்சியின் வசதி தெரிந்ததே. முகவரி வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் பெர்மாலிங்க் பக்கத்தில் சேமித்தால் போதும், அந்த விதிகள் இருக்கும் எச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பை வேர்ட்பிரஸே எழுதிக்கொள்ளும். பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் சர்வரின் அமைப்புக் கோப்பான கான்ஃபிகைத் தொட விடமாட்டார்கள் என்பதால் அங்கே எது என்ற பேச்சுக்கே இடமில்லை, எச்டிஅக்சஸ்தான். வேகம்? அப்பாச்சி ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடைவு அடைவாக அந்தக் கோப்பைத் தேடும் என்பது உண்மை. ஆனால் என்னுடையதுபோன்ற சின்னத் தளத்தில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

என்னை மாற வைத்தது வேறு: தப்பு செய்தால் என்ன ஆகிறது என்பது. எச்டிஅக்சஸில் சேமித்த நொடியே விதி அமலுக்கு வந்துவிடும். முகவரியில் தேதியைப் பிடிக்கும் ரெஜெக்ஸில் (எழுத்து வடிவங்களைப் பொருத்தும் குறியீட்டில்) ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தேன், அவ்வளவுதான். முகப்பு உட்பட மொத்தத் தளமும் 500 என்ற சர்வர் பிழையைக் காட்டியது. காரணம் தெரிய எரர் லாகைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

எஞ்சின்எக்ஸிலும் தப்பு செய்தேன். ஆண்டுக்கு நான்கு இலக்கம் என்று சொல்ல நெளிவு அடைப்புக்குறி போட்டேன். அது வந்தால் ரெஜெக்ஸ் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. புதிய கான்ஃபிகை அமலாக்கும் ரீலோடுக்கு முன் ஓட்டிய சோதனைக் கட்டளை, கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் சொல்லி நிறுத்தியது. தளம் பழைய கான்ஃபிகில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்பாச்சிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு, ஆனால் அது எச்டிஅக்சஸுக்குள் எட்டிப் பார்க்காது.

சரி, விதிகளை அப்படியே நகலெடுக்க முடியுமா? முடியாது. கோப்பு இருக்கிறதா, அடைவு இருக்கிறதா என்று அப்பாச்சியில் தனித்தனியாகக் கேட்கும் வரிகள், இங்கே ஒரே ட்ரை ஃபைல்ஸ் வரியாகிவிடும். பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்பும் ரீடைரக்டுகளைக் கையால் எழுத வேண்டும். சரிபார்த்து முடிக்கும்வரை தற்காலிக ரீடைரக்டான 302 வைப்பது நல்லது. நிரந்தர ரீடைரக்டான 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு, விதியைத் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள் ஓடும் மல்டிசைட் நான் நடத்தியதில்லை, அதற்கு என் பேச்சை நம்ப வேண்டாம்.

எஞ்சின்எக்ஸ் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. எச்டிஅக்சஸை அது படிக்கவே படிக்காது, படிக்கவில்லை என்று சொல்லவும் சொல்லாது. பதிவேற்றிய கோப்புகள் இருக்கும் அப்லோட்ஸ் அடைவில் பிஎச்பி நிரல் ஓடாமல் தடுக்க ஒரு செக்யூரிட்டி பிளகின் அங்கே எச்டிஅக்சஸ் வைத்திருந்தது. மாறிய பிறகு சந்தேகப்பட்டு ஒரு சோதனைக் கோப்பைப் போட்டேன், ஜம்மென்று ஓடியது. இப்போது அந்த அடைவைத் தடுக்க எஞ்சின்எக்ஸ் கான்ஃபிகில் தனி லொகேஷன் பிளாக் (குறிப்பிட்ட முகவரிகளுக்கான விதித் தொகுதி) இருக்கிறது. ரெஜெக்ஸ் பிளாக்குகளில் முதலில் பொருந்துவதே செல்லும் என்பதால், பொதுவான பிஎச்பி பிளாக்குக்கு மேலே அதை வைத்திருக்கிறேன்.