லாங் பார்: கடலைத் தோலைக் கைவிடாத சீரமைப்பு

சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் மதுக்கூடமான லாங் பாருக்குள் நுழைந்ததும் காலடியில் கடலைத் தோல் நொறுங்குகிறது. குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் ஊரில், கோணிப்பையில் வைத்துத் தரும் வேர்க்கடலையை உரித்துத் தோலைத் தரையிலேயே எறியலாம் என்ற சலுகை இந்தக் கூடத்துக்கு உண்டு. உள்ளலங்காரத்தைப் புதுப்பிக்க வந்தவர்கள் இந்த வழக்கத்தில் கைவைக்காமல் விட்டதையே அவர்களுடைய நிதானத்துக்கு முதல் சான்றாகக் கொள்வேன்.

சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் தொடங்கிய இந்த ஹோட்டல், 2017இல் கட்டங்கட்டமாகச் சீரமைப்பில் இறங்கி, 2019 ஆகஸ்டில் முழுமையாகத் திறந்தது. உள்ளலங்காரப் பொறுப்பை ஏற்றது நியூயார்க்கின் ஷம்பலிமோ நிறுவனம். பழைமையைக் கட்டிக்காத்த கூடம் என்று லாங் பாரைச் சொல்வதில் ஒரு சிறு முரண் இருக்கிறது. 1991இல் முடிந்த முந்தைய சீரமைப்பின்போதுதான் அது புதிதாகக் கட்டிய கடைத்தொகுதிக்கு இடம் மாறியது. ஆக, நாம் காணும் பழைமை, அன்றே ஒருமுறை திட்டமிட்டு அமைக்கப்பட்டது.

அந்த அமைப்பில் என் கண்ணை நெடுநேரம் பிடித்து நிறுத்தியவை கூரை விசிறிகள். ஓலை விசிறி வடிவில் வரிசை வரிசையாகத் தொங்கும் அவை ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் அசைகின்றன. குளிரூட்டிய கூடத்தில் காற்றுக்காக அவை தேவையில்லை. ஆனால் அவற்றின் மந்தமான அசைவு, இருண்ட மரவேலைப்பாட்டுக்கும் பிரம்பு நாற்காலிகளுக்கும் ஒரு சோம்பலான பிற்பகலின் சாயலைத் தந்துவிடுகிறது. கூரையில் தொங்கும் பங்கா விசிறியைக் கயிற்றால் இழுக்க ஆள் வைத்திருந்த காலத்தை அந்த ஆளில்லாமல் நினைவூட்டும் ஏற்பாடு இது.

1920களின் மலாயாத் தோட்டங்களே இந்த அலங்காரத்தின் கருப்பொருள் என்பதால், தமிழ் வாசகர் இதைச் சற்று வேறு கண்ணோடுதான் பார்ப்பார். அந்த ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். இங்கே துரைமாரின் ஓய்வுநேரம் அழகாக இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வரிசை வீட்டின் தடம் ஒன்றுகூட இல்லை. இதை வடிவமைப்பாளரின் பிழை என்று சொல்லமாட்டேன், மதுக்கூடம் அருங்காட்சியகமன்று. எனினும் சுவரில் ஒரு பால்வாளிக்காவது இடம் இருந்திருக்கலாம்.

1915இல் இந்த ஹோட்டலின் மதுக்கலவையாளர் நியம் தோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங் என்ற மதுக்கலவையில் ஜின்னும் அன்னாசிச் சாறும் செர்ரி மதுவும் சேர்கின்றன. இனிப்பே மேலோங்குகிறது, ஒன்று போதும், இரண்டாவது திகட்டும். பல குடுவைகளை ஒருசேரக் குலுக்கும் கைச்சக்கரப் பொறியைப் பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்திருப்பது நல்ல யோசனை. இத்தகைய இடங்களில் செய்முறையும் அலங்காரத்தின் ஒரு பகுதிதான்.

பேசுவதற்காக வருபவர்கள் கூட்டம் சேருமுன் பிற்பகலிலேயே வந்துவிடுவது நல்லது. மாடிக்குச் செல்லும் சுழற்படியில் ஏற எண்ணுபவர்கள் ரப்பர் அடிப்பாகம் கொண்ட காலணி அணிந்து வரவேண்டும். கடலைத் தோல் படிந்த தரை வழுக்கக்கூடியது.