ஜேஎஸ்-குக்கி நிரலகம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குக்கி என்பது இணையதளம் உலாவியில் சேமித்துவைக்கும் சிறு குறிப்பு. அதைக் கையாள ஜாவாஸ்கிரிப்டுக்கு உலாவி தரும் 'டாக்குமென்ட்.குக்கி' விசித்திரமான பண்பு. அதற்கு ஒரு மதிப்பை அளித்தால் ஏற்கெனவே இருக்கும் குக்கிகள் அழியாமல் புதிதாக ஒன்று சேர்கிறது. அதையே படித்தாலோ எல்லாக் குக்கிகளும் அரைப்புள்ளியால் கோக்கப்பட்ட ஒரே சரமாக வந்து நிற்கின்றன, காலாவதித் தேதியும், தளத்தின் எந்தப் பகுதிக்கு உரியது என்று காட்டும் பாதையும் திரும்பக் கிடைப்பதில்லை. அந்தச் சரத்தைப் பிரிக்கும் நிரலைத் திட்டத்துக்குத் திட்டம் நானே எழுதி, மதிப்புக்குள் சமக்குறி வந்தால் உடையும் அதே பிழையை ஒவ்வொரு முறையும் செய்துவந்தேன். அதற்கு முடிவு கட்டவே, இந்த வேலையைத் தானே செய்யும் ஜேஎஸ்-குக்கி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்துக்குச் சென்ற ஆண்டு மாறினேன்.

ஜேக்வெரி-குக்கி என்ற பழைய செருகுநிரலின் வழிவந்த இது, இப்போது வேறெந்த நிரலகத்தையும் சாராமல், சுருக்கிய நிலையில் 800 பைட்டுக்கும் குறைவாக, எம்ஐடி என்ற கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது. செட் (வைக்க), கெட் (படிக்க), ரிமூவ் (நீக்க) ஆகிய மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். காலாவதியை நாள் கணக்கில் 7 என்றோ, அரை நாளுக்கு 0.5 என்றோ எழுதிவிடலாம்.

தமிழில் தளம் நடத்துவோர் கவனிக்க வேண்டியது குறியேற்றம். நிரலகம் தமிழ் எழுத்துகளைத் தானே, ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு மூன்று எழுத்தாக எழுதும் சதவீதக் குறியேற்றத்துக்கு மாற்றி, படிக்கும்போது மீட்டும் தந்துவிடுகிறது, எழுத்துகள் சிதைவதில்லை. ஆனால் யுனிகோடில் 5 குறியீடுகளாக இருக்கும் 'தமிழ்' என்ற ஒரு சொல், குக்கிக்குள் 45 எழுத்துகளாக விரிகிறது. ஒரு குக்கிக்கு ஏறத்தாழ 4096 பைட்டு என்பதே வழக்கமான வரம்பு என்பதால், ஒரு நடுத்தரப் பத்திக்குக்கூட அதில் இடமிராது. வழங்கியில் (சர்வரில்) இயங்கும் பிஎச்பி மொழியின் பழைய பதிப்புகளில் 'செட்குக்கி' இடைவெளியைக் கூட்டல் குறியாக எழுதுவதால், அங்கே வைத்த 'இனிய வணக்கம்' இங்கே 'இனிய+வணக்கம்' என்று வரும். இது நிரலகத்தின் பிழையன்று. அதன் ஆவணத்திலேயே இதற்குத் தீர்வு சொல்லியிருக்கிறார்கள். நான்தான் அரை நாள் கழித்து அதைப் படித்தேன்.

இன்னொரு முறையும் என் கவனக்குறைவே காலை வாரியது. நிர்வாகப் பகுதிக்கு மட்டும் தனிப் பாதை கொடுத்து வைத்த குக்கியை, பாதையைக் குறிப்பிடாமல் ரிமூவ் செய்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, குக்கியும் போகவில்லை. வைக்கும்போது கொடுத்த பாதையும் களப்பெயரும் நீக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்பது உலாவியின் விதி. நிரலகத்தின் 'வித்-ஆட்ரிப்யூட்ஸ்' வசதி மூலம் இவற்றை ஒரே இடத்தில் அமைத்துக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை ஓய்ந்தது. நிரலகத்தின் மூன்றாம் பதிப்பில் ஜேசன் (தரவைச் சரமாக எழுதும் வடிவம்) வசதியை நீக்கிவிட்டதால், ஜாவாஸ்கிரிப்ட் பொருளை (ஆப்ஜெக்ட்) நேரடியாகச் சேமிக்காமல் நாமே சரமாக்கித்தான் கொடுக்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து வருவோர் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

இதை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதிலும் தெளிவு தேவை. 'எச்டிடிபி-ஒன்லி' குக்கியை ஜாவாஸ்கிரிப்டால் வைக்கவும் முடியாது, படிக்கவும் முடியாது; உள்நுழைவு அடையாளத்தை இதன் கையில் கொடுத்தால், பக்கத்தில் புகுந்த எந்தத் தீய நிரலும் அதைக் கவர்ந்துவிடும். அந்தக் குக்கியை வழங்கியே வைக்கட்டும். மேலும், ஜாவாஸ்கிரிப்ட் வழியே வைக்கும் குக்கிகளின் ஆயுளை சஃபாரி 2019 முதல் 7 நாளுக்குள் அடக்கிவிடுகிறது. நீங்கள் 365 என்று எழுதினாலும் ஐபோன் பயனருக்கு ஒரு வாரம்தான்.

மொழித் தேர்வு, இருண்ட தோற்றம், மூடிய அறிவிப்பு போன்ற சிறு நினைவுகளுக்கு இதைவிட எளிதான கருவியை நான் பயன்படுத்தியதில்லை. குக்கிகளைக் கையாள 'குக்கி ஸ்டோர்' என்ற இடைமுகம் உலாவிகளிலேயே வந்துள்ளது. ஆனால் அது பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே, அதுவும் விடை உடனே வராமல் பின்னர் வந்துசேரும் ஒத்திசையா முறையில் இயங்குவதால், பழைய திட்டங்களில் அதற்காக நிரலை மாற்றி எழுதாமல் ஜேஎஸ்-குக்கியையே தொடர்கிறேன்.